கிருமி தேடியது முதியவர்களை, துயரம் தேடியது இளையவர்களை

கரோனா யாரைக் கொல்லும் என்பது தொற்று தொடங்கிய சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. வயது ஏற ஏற ஆபத்தும் பல மடங்கு ஏறியது. ஒரே வயதுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் தொற்று வந்தால், ஆண் இறப்பதற்கே வாய்ப்பு அதிகம். வூகானில் கண்ட இந்தப் போக்கு இத்தாலியிலும் நியூயார்க்கிலும் மாறவில்லை, சென்னையிலும் மாறவில்லை. வீட்டுப் பெரியவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உடலைப் பொறுத்தவரை அது சரியான எச்சரிக்கைதான்.

மனத்தின் கணக்கோ தலைகீழாக வந்தது. கிருமியிடம் அதிகம் அஞ்ச வேண்டியிருந்த முதியவர்களைவிட, உயிராபத்து மிகக் குறைவாக இருந்த இளைஞர்கள்தான் மனம் உடைந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் உடைந்தார்கள். ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2021 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு 204 நாடுகளுக்கான மதிப்பீட்டைத் தந்தது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக மட்டும் உலகில் கூடுதலாக 5.32 கோடிப் பேருக்குத் தீவிர மனச்சோர்வும், 7.62 கோடிப் பேருக்கு மனப்பதற்றக் கோளாறும் ஏற்பட்டிருக்கும் என்பது அதன் கணிப்பு. அந்தக் கூடுதல் மனச்சோர்வில் பெண்களின் பங்கு 3.55 கோடி, ஆண்களின் பங்கு 1.77 கோடி. மனப்பதற்றத்தில் பெண்கள் 5.18 கோடி, ஆண்கள் 2.44 கோடி. வயதுவாரியாகப் பார்த்தால் பாதிப்பின் உச்சி 20 முதல் 24 வயதுக்காரர்களிடம் இருந்தது. வயது கூடக் கூடச் சரிந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஜூன் கடைசி வாரத்தில் நடத்திய கணக்கெடுப்பு இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டியது. மனச்சோர்வு, பதற்றம், பெருந்தொற்றால் வந்த மன அழுத்தம், போதைப் பழக்கம் கூடுவது, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருப்பதாகச் சொன்னவர்கள் 18-24 வயதில் 74.9%. 25-44 வயதில் 51.9%. 45-64 வயதில் 29.5%. 65 வயதைத் தாண்டியவர்களில் 15.1% மட்டுமே. சாவின் நிழல் யார்மேல் அதிகம் விழுந்ததோ அவர்களே அதிக நிதானத்துடன் இருந்திருக்கிறார்கள்.

முதியவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கியிருப்பார்கள், அல்லது ஆபத்தே புரியாமல் இருந்திருப்பார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல பத்தாண்டுகளாக முதுமையின் உணர்வுகளை ஆராய்ந்து வருபவர். வயதாக ஆக மனிதர்கள் கோபம், பதற்றம், எரிச்சல் ஆகியவற்றைக் குறைவாக உணர்கிறார்கள் என்பதை அவரும் பிறரும் முன்பே கண்டிருந்தார்கள். ஆனால் அதற்கு ஓர் எதிர்வாதமும் இருந்தது. பெரியவர்கள் மனத்தைத் திறம்பட ஆள்வதால் அல்ல; தொந்தரவு தரும் இடங்களையும் ஆட்களையும் தவிர்க்கக் கற்றுக்கொண்டதால்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது அந்த வாதம். இரண்டில் எது உண்மை என்று சோதிக்க யாரும் ஒரு பேரிடரை உண்டாக்க முடியாது. கரோனா அந்தச் சோதனையைத் தானாகவே நடத்தியது. தவிர்க்கவே முடியாத ஆபத்து. அதிலும் முதியவர்களுக்கே அதிக ஆபத்து.

2020 ஏப்ரலில், அமெரிக்கா தொற்றின் முதல் அலையில் திணறிக்கொண்டிருந்தபோது, கார்ஸ்டென்சன் குழு 18 முதல் 76 வயது வரையிலான 945 பேரிடம் 29 உணர்வுகளைப் பற்றிக் கேட்டது. எத்தனை முறை அமைதியாக உணர்ந்தீர்கள், எத்தனை முறை பயந்தீர்கள், அது எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது போன்ற கேள்விகள். வயதில் மூத்தவர்கள் நல்ல உணர்வுகளை அதிகமாகவும் கெட்ட உணர்வுகளைக் குறைவாகவும் கொண்டிருந்தார்கள். ஆபத்திலிருந்து ஒதுங்கி நிற்க வழியில்லாதபோதும் வயது தரும் நிதானம் குலையவில்லை.

இதற்குக் கார்ஸ்டென்சன் தரும் விளக்கம், காலம் பற்றிய உணர்வு. முன்னால் நீண்ட ஆயுள் கிடக்கிறது என்று நம்புகிறவர் எதிர்காலத்துக்காகச் சேர்க்கிறார்: படிப்பு, தொடர்புகள், பெயர், பணம். அந்தச் சேமிப்புக்கு இடையூறு வந்தால் தவிக்கிறார். மிச்சமிருப்பது கொஞ்ச காலம் என்று அறிந்தவர் இன்றைக்கு எது முக்கியமோ அதைப் பற்றிக்கொள்கிறார்: நெருங்கிய நாலு பேர், அன்றாடம் மனத்துக்குப் பிடித்த ஒரு வேலை, பழகிய ஓர் ஒழுங்கு. ஊரடங்கு இந்த இரண்டு பேரிடமிருந்தும் ஒரே அளவு எதையும் பறிக்கவில்லை. கல்லூரியின் இரண்டாமாண்டில் இருந்த பிள்ளைக்கு அது நண்பர்களையும், நேர்முகத் தேர்வையும், முதல் சம்பளத்தையும் சேர்த்துப் பறித்தது. எழுபது வயதுக்காரரிடம் பறிப்பதற்கு அவை எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அமெரிக்க முதியவரின் நிதானத்துக்குப் பின்னால் மாதம் தவறாமல் வங்கியில் விழும் ஓய்வூதியமும், 65 வயதுக்கு மேல் அரசு தரும் மருத்துவக் காப்பீடும் இருக்கின்றன. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. வேலையிலிருந்து அவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர். ஆகவே அந்த நிதானம் முழுவதையும் வயதின் பக்குவம் என்று பாராட்டிவிட்டுப் போனால் பாதி உண்மை விட்டுப்போகும். பெருந்தொற்றின் தொடக்கத்தில் சீனத்தில் 52,730 பேரிடம் எடுத்த ஆய்வில் 18-30 வயதினரைப் போலவே 60 வயதைக் கடந்தவர்களிடமும் மன உளைச்சல் மிகுந்திருந்தது. நாட்டுக்கு நாடு முதுமை வேறு வேறு.

இந்தியாவில் வறிய முதியவர்களுக்கான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்து 2020இல் 1,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊரடங்குக் கால உதவியாக மத்திய அரசு ஏழை முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் இரண்டு தவணைகளில் இன்னொரு 1,000 ரூபாய் தந்தது. மகன் வேலையிழந்த வீட்டில், மாத்திரைக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டு நாலு நாள் சேர்த்து ஒன்றைப் போட்டுக்கொள்ளும் மூதாட்டியிடம் கார்ஸ்டென்சன் சொல்லும் உள்ளத் திறமை இல்லாமலா இருக்கும்? இருக்கும். அதைக் கையில் எடுக்கவே அவருக்கு ஒரு தளம் வேண்டும். அந்தத் தளம் சோறு, மருந்து, அவரை மதித்துப் பேசும் ஒரு வீடு.

மனநலம் என்றதும் நோயை மட்டும் நினைக்கும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. மனச்சோர்வு இல்லை, பதற்றம் இல்லை, தூக்கம் வருகிறது என்றால் நலம் என்று கோப்பை மூடிவிடுகிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் கோரி கீஸ் 2002இல் இந்தப் பழக்கத்தை மறுத்தார். மனநோய் ஒரு கோடு, மனநலம் வேறொரு கோடு என்பது அவருடைய நிலைப்பாடு. நோய் எதுவும் இல்லாமலே ஒருவர் வாடிக் கிடக்கலாம். நோய் ஒன்றோடு வாழ்ந்துகொண்டே இன்னொருவர் மலர்ந்தும் இருக்கலாம். மலர்ச்சியை அளக்க அவர் உருவாக்கிய 14 கேள்விகளில் மகிழ்ச்சியைப் பற்றியவை மூன்றே மூன்றுதான். மற்றவை வேறு மாதிரி. சமூகத்துக்குக் கொடுக்க உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதா? ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவராக உணர்ந்தீர்களா? உங்கள் வாழ்க்கைக்கு ஒரு திசை இருப்பதாக நினைத்தீர்களா? அன்றாடப் பொறுப்புகளைச் சமாளிக்க முடிந்ததா?

2020, 2021ஆம் ஆண்டுகளின் ஊரடங்கை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பார்த்தால் வயதும் பாலினமும் ஏன் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கின என்பது துலங்குகிறது. ஊரடங்கு பெரும்பாலானோரிடம் முதலில் பறித்தது மகிழ்ச்சியை அல்ல, பாத்திரத்தை. மாணவர், தொழிலாளி, வியாபாரி, தோழி, சக ஊழியர் என்று வெளியில் வகித்த இடங்கள் எல்லாம் ஒரே இரவில் மறைந்து, எல்லாரும் வீட்டுக்குள் ஒரே ஒரு பாத்திரத்தில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஒற்றைப் பாத்திரத்தின் சுமை யாருக்குக் கூடுதல் என்பதற்கு ஆய்வாளர் தேவையில்லை.

இருந்தாலும் எண்கள் இருக்கின்றன. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இது தொற்றுக்கு முந்தைய, எல்லாரும் காலையில் வெளியே கிளம்பிப் போய்விடும் நாட்களின் கணக்கு. 2020 மார்ச் 25க்குப் பிறகு யாரும் கிளம்பவில்லை. மூன்று வேளையும் எல்லாருக்கும் வீட்டில் சாப்பாடு. கைபேசியில் பிள்ளைக்கு வகுப்பு. பக்கத்து அறையில் இருமும் மாமனார். வேலைக்கு வந்துகொண்டிருந்த உதவியாளரும் வர முடியாது. அசோகா பல்கலைக்கழகப் பொருளியலாளர் அஸ்வினி தேஷ்பாண்டே குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை ஆராய்ந்தபோது, ஊரடங்கின் முதல் மாதத்தில் ஆண்கள் வீட்டு வேலைக்குக் கொடுத்த நேரம் கூடியது தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆகஸ்ட் வாக்கில் அது மறுபடியும் இறங்கிவிட்டது.

வெளிவேலையில் நடந்தது இன்னும் கொடுமை. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருந்தொற்றின் முதலாண்டில் ஆண் தொழிலாளர்களில் 61% பேர் வேலையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 7% பேர் வேலையிழந்து திரும்பவே இல்லை. பெண்களில் தக்கவைத்துக்கொண்டவர்கள் 19%. இழந்து திரும்பாதவர்கள் 47%. பனியன் கம்பெனிக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்வந்த பெண்ணுக்கு அந்த வேலை சம்பளத்தோடு முடிவதில்லை. பேருந்தில் தோழியோடு பேசும் அரை மணி நேரம், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, வீட்டில் ஒரு சொல்லுக்கு மதிப்பு எல்லாம் அதோடு வந்தவை. அவை அத்தனையும் சேர்ந்தே போயின.

வீட்டுக்குள் அடைபட்டது யாரோடு என்பதும் ஒரு கேள்வி. தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை வந்த 587 புகார்களில் 239 குடும்ப வன்முறை பற்றியவை. அதற்கு முந்தைய இருபத்தைந்து நாட்களில் வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 123. அடிப்பவர் அருகிலேயே இருக்கும்போது தொலைபேசியை எடுக்க முடிந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே இது. ஆணையம் ஏப்ரல் 10 அன்று வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்தது, சத்தமில்லாமல் புகார் சொல்லத் தோதாக.

பெண்ணின் உடலமைப்போ சுரப்புகளோ அவளை எளிதில் சோர்ந்துபோகச் செய்கின்றன என்ற விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். உயிரியலுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உயிரியல் 2019க்கும் 2020க்கும் இடையில் மாறவில்லை. மாறியவை வேலை, வீடு, நேரம். பிரிட்டனில் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் தொடர்ந்து கேட்டுவரும் ஆய்வில், மனநலப் பாதிப்பின் எல்லையைத் தாண்டியவர்கள் 2018-19இல் 18.9%, 2020 ஏப்ரலில் 27.3%. அந்த ஏற்றம் மிகக் கூடுதலாக இருந்தவர்கள் இளைஞர்கள், பெண்கள், சிறு குழந்தை உள்ள வீட்டார். மூன்றாவது கூட்டத்தைக் கவனிக்க வேண்டும். குழந்தை காப்பகமும் பள்ளியும் மூடியிருந்த காலத்தில் அந்தச் சுமை எங்கே இறங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

ஜப்பானின் கதையை இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். வயது, பாலினம், சமூக ஏற்பாடு மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை வேறெந்த நாடும் இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்யவில்லை. அங்கே தற்கொலைக் கணக்கு மாதாமாதம் வெளியாகிறது. 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரையான ஐந்து மாதங்களில் தற்கொலைகள் 14% குறைந்தன. நெரிசல் ரயிலும் கூடுதல் வேலைநேரமும் குறைந்தன. நாட்டில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு லட்சம் யென் கொடுத்தது. எல்லாரும் ஒரே இடரில் இருக்கிறோம் என்ற உணர்வும் இருந்தது. பிறகு ஜூலை முதல் அக்டோபர் வரை தற்கொலைகள் 16% கூடின. அந்தக் கூடுதல் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை: பெண்களிடையே 37%, குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடையே 49%. ‘நேச்சர்’ குழும இதழில் 2021 ஜனவரியில் இந்த ஆய்வு வந்தபோது, இடரின் முதல் மாதங்களில் தெரியும் அமைதியை நம்பிவிடக் கூடாது என்ற பாடம் உலகுக்குக் கிடைத்தது. தொடக்க மாதங்களில் 21 நாடுகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் தற்கொலைகள் கூடவில்லை என்றே சொன்னது.

ஜப்பானில் நிரந்தரமற்ற வேலையில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். உணவகம், தங்கும் விடுதி, சில்லறைக் கடை என்று தொற்று முதலில் பூட்டுப்போட்ட இடங்களில்தான் அவர்கள் இருந்தார்கள். அன்றைய பிரதமர் ஷின்சோ அபே 2020 மார்ச் 2 முதல் பள்ளிகளை மூடக் கேட்டுக்கொண்டபோது, தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார்கள். ஆண்டு முடிவில், அந்த நாட்டில் பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாகத் தற்கொலைகள் கூடியிருந்தன: மொத்தம் 21,081. ஆண்களின் எண்ணிக்கை குறைந்து, பெண்களின் எண்ணிக்கை 6,091லிருந்து 7,026 ஆனது. பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை 499. தனிமையைக் கவனிப்பதற்கென்றே 2021 பிப்ரவரியில் ஓர் அமைச்சரை, தெட்சுஷி சகமோட்டோவை, அரசு நியமித்தது.

இந்தியாவில் மரணப் பதிவு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. கருத்துக்கணிப்புகளில் வருத்தத்தைச் சொன்னவர்கள் பெண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலைப் பட்டியலில் 2020இல் இருந்த 1,53,052 பேரில் 1,08,532 பேர் ஆண்கள். தினக்கூலிகள் மட்டும் 2019இல் 32,563 ஆக இருந்து, 2020இல் 37,666 ஆகி, 2021இல் 42,004 ஆனார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள் அழுகை வந்ததா, சோகமாக இருந்ததா என்று கேட்கும். சம்பாதிப்பதுதான் தன் அடையாளம் என்று வளர்க்கப்பட்ட ஒருவன், கூலி நின்று, வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது அழுததாகச் சொல்ல மாட்டான்; எரிந்து விழுவான், குடிப்பான், பேசாமல் இருப்பான். தேசிய மனநல ஆய்வு 2015-16இல் மனநலக் கோளாறு உள்ளவர்கள் ஆண்களில் 13.9%, பெண்களில் 7.5% என்று வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மதுவாலும் பிற போதைகளாலும் வரும் கோளாறுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்ததுதான். பெண் சொல்லும் துயரமும் ஆண் சொல்லாத துயரமும் ஒரே அளவுகோலில் சிக்குவதில்லை. இதில் யார் அதிகம் துன்பப்பட்டார் என்று போட்டி வைப்பவர்கள் இருவருக்கும் அநீதி செய்கிறார்கள். பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2020 மார்ச் முதலே ஆலோசனைத் தொலைபேசி நடத்தியது. இன்றைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண் மதுக்கடை வாசலிலும், கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வயதும் பாலினமும் ஒன்றுகூடும் இடத்தில் இருப்பவள் வளரிளம் பெண். அமெரிக்காவில் 12-17 வயதுப் பெண்கள் தற்கொலை முயற்சி என்ற ஐயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த எண்ணிக்கை, 2021 பிப்ரவரி-மார்ச்சில், 2019இன் அதே வாரங்களைவிட 50.6% கூடியிருந்தது. அதே வயதுப் பையன்களில் கூடியது 3.7%. அதே 2021இல் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவிகளில் 57% பேர் தொடர்ந்து சோகமாகவோ நம்பிக்கையற்றோ உணர்ந்ததாகச் சொன்னார்கள், மாணவர்களில் 29%.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக் கதவு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஏறக்குறைய இருபது மாதங்கள். ஆறாம் வகுப்பில் பாதியில் வீட்டுக்குப் போன சிறுமி, எட்டாம் வகுப்புக்குத் திரும்பி வந்தாள், பூப்பெய்தியும் வந்திருப்பாள். இடையில் அவள் என்ன செய்தாள் என்று பல வீடுகளில் கேட்டால், தம்பியைப் பார்த்துக்கொண்டாள், சமைத்தாள், வீட்டில் இருந்த ஒரே கைபேசி அண்ணனுக்குப் போனதால் வகுப்பைக் கேட்டும் கேட்காமலும் இருந்தாள் என்பதே விடையாக இருக்கும். சிலருக்குத் திருமணமே ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020 ஜூனிலும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 2021 ஜூனிலும் ரத்தானபோது பெற்றோர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த முடிவு தவறில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் ஒரே இலக்கை நோக்கி ஓடிய பிள்ளைகளுக்கு ஓட்டம் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போனது. எண்பது சதவீதம் பழைய தேர்வுகள், இருபது சதவீதம் வருகைப் பதிவு என்று பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண் வந்தது. நான் எதையாவது சாதித்தேனா என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இல்லை. கீஸ் கேட்கும் திசை, திறமை, பங்களிப்பு என்ற மூன்றும் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் கிடைக்கின்றன.

இத்தனை இழப்புக்கு நடுவிலும் மனம் தழைத்த இடங்கள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. அந்த இடங்களில் பொதுவாக ஒன்று தெரிகிறது: அங்கே இருந்தவர்களுக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலை வேறொருவருக்குத் தேவையாக இருந்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் 2020 மார்ச் கடைசியிலேயே ஊர்தோறும் சமூகச் சமையலறைகளைத் தொடங்கினார்கள். சென்னையில் ஊரடங்கின்போது அம்மா உணவகங்கள் இலவசமாகச் சோறு போட்டன; அங்கே அடுப்படியில் நின்றவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். நாடு முழுவதும் இப்படிப்பட்ட குழுக்கள் கோடிக்கணக்கான முகக்கவசங்களைத் தைத்துக் கொடுத்தன. தொற்று வருமோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கும் இருந்தது, கூலி பெரிதில்லை. ஆனால் பொழுது விடிந்தால் போவதற்கு ஓர் இடமும், கூடவே நாலு பேரும், செய்ததற்குப் பயனும் இருந்தன.

உலக மகிழ்ச்சி அறிக்கையும் இந்தத் திசையில் ஒரு தடயத்தைத் தருகிறது. முன்பின் தெரியாதவருக்கு உதவுவது, நன்கொடை தருவது, தன்னார்வப் பணி செய்வது ஆகியவை 2021இல் உலகெங்கும் தொற்றுக்கு முந்தைய நிலையைவிட ஏறக்குறைய 25% கூடியிருந்தன. மக்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் ஒட்டுமொத்த மதிப்பெண், இத்தனை சாவுகளுக்கு இடையிலும், உலகச் சராசரியில் பெரிதாகச் சரியவில்லை. துயரமும் பதற்றமும் கூடின. அதே சமயம் வாழ்க்கை பயனுள்ளது என்ற எண்ணமும் நின்றது. இரண்டு கோடுகள் என்று கீஸ் சொன்னது இதைத்தான்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைக் கல்வித் துறையின் சாதனையாகவே எல்லாரும் பேசுகிறார்கள். விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகள் பிடிக்க மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். முன்வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர், பெரும்பாலும் இளம்பெண்கள். படித்து முடித்துவிட்டுத் திருமணமாகி வீட்டில் இருந்தவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். லான்செட் ஆய்வு மிகக் கடுமையான பாதிப்பைக் கண்ட அதே வயதும் பாலினமும். அவர்கள் தெருவில் ‘டீச்சர்’ ஆனார்கள். இந்தத் திட்டம் குழந்தைகளின் வாசிப்பை எவ்வளவு உயர்த்தியது என்று அளந்தவர்கள், சொல்லிக்கொடுத்த பெண்களின் மனம் எவ்வளவு தெளிந்தது என்றும் அளந்திருக்க வேண்டும். மனநலத்துக்காகத் தொடங்காத திட்டம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இளம்பெண்களின் மனநலத்துக்குத் தமிழ்நாடு செய்தவற்றில் இதைவிடப் பெரியது வேறில்லை என்று சொல்ல இடமுண்டு.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது எதை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் தொற்றுநோய் வல்லுநர்கள் இருப்பார்கள், காவல் துறை இருக்கும், வருவாய்த் துறை இருக்கும். பள்ளி ஆசிரியர் ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பிரதிநிதி ஒருவர் அங்கே உட்கார வேண்டும். மதுக்கடை 2020 மே மாதத்திலேயே திறக்கப்பட்டது; தொடக்கப் பள்ளி திறக்க அடுத்த ஆண்டு நவம்பர் ஆனது. இப்படி ஒரு வரிசை மறுபடியும் வரக் கூடாதென்றால் வரிசையைத் தீர்மானிக்கிறவர்கள் மாற வேண்டும். பள்ளியை மூடியே ஆக வேண்டிய நிலை வந்தாலும், மரத்தடியில் பத்துப் பிள்ளைகள் உட்காரும் ஏற்பாட்டை இருபதாவது மாதத்தில் அல்ல, இரண்டாவது மாதத்தில் தொடங்கலாம் என்பதை முதலியார்குப்பம் காட்டிவிட்டது.

முதியவர்களைப் பாதுகாக்க வேண்டியவர்கள் என்று மட்டும் பார்த்ததும் திருத்த வேண்டிய ஒன்று. பதற்றமில்லாமல் இருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று இத்தனை ஆய்வுகள் சொல்லும்போது, அவர்களைத் தனி அறையில் வைத்துத் தட்டை வாசலில் நகர்த்திவிட்டுப் போவது இரட்டை நட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் தினமும் தொலைபேசியில் கால் மணி நேரம் பேச அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அதற்குத் தேவை ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு தொலைபேசிக் கட்டணமும்தான். கூடவே முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் அந்த 200 ரூபாய்ப் பங்கை உயர்த்த வேண்டும். பட்டினியோடு யாரும் பிறருக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

அளப்பதிலிருந்துதான் இதெல்லாம் தொடங்க முடியும். தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு நோயைத் தேடியது. எத்தனை பேருக்கு என்ன கோளாறு, எத்தனை பேருக்கு மருத்துவம் கிடைக்கவில்லை என்று எண்ணியது. அது தேவையான வேலை. அடுத்த சுற்றில் அதே வினாத்தாளோடு இன்னும் பத்துப் பதினைந்து கேள்விகளைச் சேர்ப்பதில் பெரிய செலவு இல்லை: கடந்த ஒரு மாதத்தில் உங்களால் யாருக்காவது பயன் இருந்ததா, மனம்விட்டுப் பேச ஆள் இருந்ததா, நாளைக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா. விடைகளை ஆண், பெண், திருநர் என்றும், பதினைந்து வயதுக்காரி, முப்பது வயதுத் தாய், ஐம்பது வயதுக் கூலித் தொழிலாளி, எழுபது வயது விதவை என்றும் பிரித்து, மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ஜப்பான் தற்கொலைக் கணக்கை மாதாமாதம் வெளியிட்டதால்தான் 2020 ஜூலையில் திசை மாறியது தெரிந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் கணக்கு 2021 அக்டோபர் கடைசியில்தான் வெளியானது. அதற்குள் இரண்டாவது அலையே வந்து போய்விட்டது.